தாமதத்திற்கு வருந்துகிறோம்

புந்தா அரேனாசில் காற்று கதவைத் தட்டுவதில்லை.
நேரே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஜூன் மாதம், ஐந்தரைக்கே இருட்டு.
வாசகர் ஐவர், நான், காற்று:
நூலகத்தில் ஏழு நாற்காலி போட்டேன்.

கதை இதுதான்.
பால்வீதியெங்கும் சரக்கேற்றும் ஓர் ஓட்டைக் கப்பல்
முந்நூறு வருடமாய்ச் சண்டையிடும் இரு தரப்புக்கும்
ஒரே நடையில் வெங்காயம் கொண்டுபோகிறது.
கப்பலின் கணினிக்குத் தீராத விக்கல்.
ஒரு விக்கலுக்கு ஒரு சூரியன் தப்பிவிடுகிறது.
முழங்கால் வலிக்காரி கேப்டன்
எந்தக் கிரகத்தில் இறங்கினாலும்
முதலில் சொல்வது:
தாமதத்திற்கு வருந்துகிறோம்.

யாஸ்னா தொடங்கினாள்.
பல் மருத்துவமனையில் வேலை;
வாய் பிளந்தவர்களிடமே பேசிப் பழகியதால்
பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள்.
"பதினொரு தடவை சிரித்தேன், எண்ணி வைத்திருக்கிறேன்.
அதில் இரண்டு பேருந்தில்.
பேருந்துச் சிரிப்பை இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டும்."

நிபால்தோ நூலை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தார்.
நீரிணை கடக்கும் படகில்
முப்பது வருடம் எஞ்சின் அறை அவருக்கு.
"நானூறு பக்கம். ஒருத்தன் கையிலாவது கிரீஸ் உண்டா?
எஞ்சின் நிற்கிறது, யாரோ பாடுகிறார்கள், ஓடுகிறது.
நானும் பாடிப் பார்த்தவன்தான்."

என்ன பாட்டு என்றாள் யாஸ்னா.

அவர் சன்னலைப் பார்த்தார்.

ஆறாம் அத்தியாயம் தாண்டாத திராகோ
எல்லோரையும்விட உரக்கப் பேசினான்.
முடிவு சொதப்பலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால்
அட்டையைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

எடெல்மிரா, ஓய்வுபெற்ற நீதிபதி,
விரலால் மேசையை ஒரு தட்டு தட்டினார்;
பழைய வழக்கம், அறை அடங்கியது.
"நான்கு கிரகத்தைச் சாம்பலாக்கியவனுக்கு
உருளைக்கிழங்கு உரிப்பதுதான் தண்டனையா?"
கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே:
"எத்தனை மூட்டை என்றாவது எழுதியிருக்கலாம்."

லேசான புத்தகம், லேசான புத்தகம் என்று
நிபால்தோ நாலாவது முறை சொன்னபோது
ஃபிரேசியா மாத்தேக் குவளையைக் கீழே வைத்தாள்.
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள்;
இரவுப்பணி முடிந்து தூங்காமல் வந்திருந்தாள்.
"லேசு என்பதை வசவாகச் சொல்கிறீர்கள்.
ஒரு நாள் வந்து ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடியுங்கள்.
மாடிப்படி, மூன்று தளம், நூற்றுப் பத்து கிலோ.
பிறகு பேசலாம்."

காற்று மட்டும் எழுந்து
ஒருமுறை அறையைச் சுற்றி வந்தது.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.
நூலகர் என்றால் நாற்காலி போடுகிறவள்.
கேட்டிருந்தால் பத்தொன்பதாம் அத்தியாயம் என்றிருப்பேன்.
அங்கே விக்கல் சட்டென்று நின்றுபோகும்.
அரைப் பக்கம், ஒரு நகைச்சுவையும் இல்லை.
கேப்டன் தட்டோடு சன்னலருகே நிற்கிறாள்.
வெளியே எதுவுமில்லை, அதுவும் நிறைய.
உணவு ஆறிப்போகிறது.
பிறகு கணினி மெல்ல ஒரு விக்கு விக்க,
அப்பாடா என்று சொல்லி அவள் சாப்பிடுகிறாள்.
அது கணினியின் நிஜ விக்கலா, அவளுக்காக விக்கியதா?
ஆசிரியர் சொல்லவில்லை.
நானும் இரண்டு தடவை படித்துவிட்டேன்.

மூன்று பிரதியில் இரண்டு மறுநாளே திரும்பிவிட்டன.
திராகோவுடையதில் ஆறாம் அத்தியாயத்தில்
மீன்பண்ணைச் சம்பளச் சீட்டு அடையாளமாக இருந்தது.

மூன்றாவதை ஒன்பது நாள் கழித்து
நிபால்தோ கொண்டுவந்தார்.
பிடிக்காத புத்தகத்தோடு ஒன்பது நாள்.
அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவாரோ என்று
வயிற்றில் பயம்; சொன்னால் சிரித்துவிடுவேன்,
அவர் இனி வரவே மாட்டார்.

"படகு ஓடவில்லை. துறைமுகத்தை மூடிவிட்டார்கள்" என்றார்,
தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அபராதம் எழுதப் பக்கங்களைப் புரட்டினேன்.
பத்தொன்பதாம் அத்தியாயத்தில்,
ஆறிய தட்டுக்குப் பக்கத்தில்,
கறுப்பாய், முழுசாய், ஒரு கட்டைவிரல்.

கிரீஸ்தான். முகர்ந்து பார்த்தேன்.
அழிப்பான் எடுத்தேன். பிறகு
இழுப்பறையில் திரும்ப வைத்துவிட்டேன்.